மாமாவின் காரும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடமும்

"கார் இருக்கிற வீடு" என்றுதான் எங்கள் தெருவில் தாத்தா வீட்டுக்கு அடையாளம் சொல்வார்கள். ஆனால் அந்தக் கார் ஓடிப் பார்த்தவர்கள் கம்மி. மாமா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். 2017-ல் லீவில் வந்தபோது சிவப்புக் கலரில் ஒரு பெட்ரோல் வண்டி எடுத்தார். அதற்காகவே வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாட்டுக் கொட்டகையை இடித்து, சிமெண்ட் தரை போட்டு, ஷட்டர் வைத்து ஷெட் கட்டினார். (மாட்டை விற்றதில் அம்மாச்சிக்கு இன்னும் வருத்தம். அது தனிக்கதை.) வருஷத்தில் முப்பது நாள் மாமா ஓட்டுவார். மிச்சம் முன்னூற்று முப்பத்தைந்து நாள் வண்டி நிற்கும்.

நிற்க. (இது காருக்குச் சொன்னது இல்லை.)

அந்த மிச்ச நாட்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் மட்டும் இல்லை, வெளிநாட்டுச் சம்பளம் வருகிற எந்த ஊருக்குப் போனாலும் இப்படி ஷெட்டில் நிற்கிற கார்களைப் பார்க்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே வைத்தியம்தான். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணிடுப்பா." அந்த வேலை வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிற பையன் தலையில் விழும். தாத்தா வீட்டில் அந்தப் பையன் நான். என் கட்சி என்னவென்றால், இந்த ஐந்து நிமிட வைத்தியம் வைத்தியமே கிடையாது. ஒன்றும் செய்யாமல் விடுவதை விட அது மோசம். வண்டியை ஒழுங்காக ஓட்டு, இல்லையா, ஒழுங்காகத் தூங்க வை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக நினைத்துத்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

நான் படிப்பது பி.காம். மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்கள் சண்டைக்கு வரலாம், தாராளமாக வாருங்கள். ஆனால் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் மாமா ஆவணிக் கடைசியில் கிளம்பினார். "மாப்ளே, வண்டி உன் பொறுப்பு" என்று சாவியைக் கொடுத்தார். நான் வாரத்தில் ஐந்து நாள் ஹாஸ்டலில். சனி ராத்திரி ஊருக்கு வந்து ஞாயிறு காலை டீ குடித்த கையோடு ஷட்டரைப் பாதி தூக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளேயே உட்கார்ந்து ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு ஆஃப் செய்வேன். மறக்காமல் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து விடுவேன். எவ்வளவு பொறுப்பான பையன் பாருங்கள். கார்த்திகையில் ரெண்டு ஞாயிறு வண்டி கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதமே ஒரு சனி ராத்திரி ரெண்டு மணிக்குத் தாத்தாவுக்கு இளைப்பு வந்தது. அவருக்கு வீசிங் பல வருஷமாக உண்டு, ஆனால் அன்றைக்கு மாதிரி நான் பார்த்ததில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, பேச்சு வரவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். சாவியைத் திருப்பினால் "டக்". திரும்பத் திருப்பினால் அந்த டக்கும் இல்லை. டாஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. ஷெட்டில் இருட்டில் நின்றுகொண்டு, ஏழெட்டு வருஷமாக இந்த வண்டிக்குத் துணி போட்டுத் துடைத்தது எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. 108-க்கு அடிக்கலாம் என்று அம்மா போனை எடுப்பதற்குள் எதிர்வீட்டு அண்ணன் தன் குட்டியானையை ரிவர்ஸ் எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். முன்சீட்டில் தாத்தா, அம்மா. பின்னால் காலி காய்கறி டிரேக்களுக்கு நடுவில் நானும் அம்மாச்சியும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், விடியும்போது தாத்தா பேசினார். அவர் பேசிய முதல் விஷயமே, "அந்தக் காரை வித்துட்டு உன் மாமனை ஒரு குட்டியானை வாங்கச் சொல்லுடா" என்பதுதான்.

ரெண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தார். பேட்டரி செத்திருந்தது. சரி, வேறு பேட்டரியில் வயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாம் என்றால் என்ஜின் ஒரு மாதிரி உதறியது. பானட்டுக்குள் எலி வயரைக் கடித்து, பஞ்சும் வைக்கோலுமாக ஒரு குடும்பமே நடத்தியிருந்தது. அதையும் ஒட்டுப்போட்டு கியர் போட்டால் வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கினாலும் பின்சக்கரம் ரெண்டும் பிடித்துக்கொண்டு நின்றன. ஆக, அந்த ராத்திரி பேட்டரி நன்றாக இருந்திருந்தாலும் தாத்தா குட்டியானையில்தான் போயிருக்க வேண்டும். மொத்தச் செலவு பதினோராயிரத்துச் சொச்சம். மெக்கானிக் சொன்ன ஒரு வரி: "தம்பி, நீங்க ஸ்டார்ட் பண்ணாம சும்மா விட்டிருந்தாக்கூட இவ்ளோ வந்திருக்காது."

அதை நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வண்டி ஆஃப் ஆகியிருந்தாலும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. கடிகாரம், ரிமோட் லாக், அலாரம், என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். நல்ல நிலையில் இருக்கிற காரிலேயே 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இது சகஜம். நடுவாக 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. ஒரு வாரத்துக்கு 5. சின்னக் காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர் மணி. இது செலவுப் பக்கம். வரவுப் பக்கம் என்ன? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நிறைய இழக்கிறது என்பார்கள், அது அவ்வளவு உண்மை இல்லை. நூற்றைம்பது ஆம்பியர் இழுத்தாலும் ரெண்டு செகண்ட்தானே, 0.1 ஆம்பியர் மணி கூட வராது. பிரச்சினை திருப்பி ஏற்றுவதில். ஐடிலிங்கில் 20 ஆம்பியர் போய்ச் சேர்ந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு 1.7 ஆம்பியர் மணிதான். வாரம் 5 போகிறது, 1.7 வருகிறது. பத்துப் பதினோரு வாரத்தில் கல்லா காலி. ஆவணிக் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாகக் கார்த்திகைக்கு வந்து நிற்கிறது. அதிலும் நான் ரெண்டு பாட்டு வேறு கேட்டிருக்கிறேன்.

காலியான பேட்டரி காலியாகவே கிடந்தால் உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாகச் சார்ஜ் இழப்பதும் வேகமாக நடக்கும்.

அடுத்தது சைலன்சர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை, பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி எடுத்த நண்பன் காகிதத்தில் போட்டுக் காட்டினான். வண்டி அரைமணி நேரம் ஓடினால் எல்லாம் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாவதற்குள் ஆஃப் செய்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்குகிறது, கொஞ்சம் என்ஜின் ஆயிலிலும் போய்க் கலக்கிறது. அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். நான் வாரா வாரம் சைலன்சருக்கு உள்பக்கமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று சொல்வதுதான் நியாயம்.

இதில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது வேறு. பாதி தூக்கிய ஷட்டருக்குள் என்ஜினை ஓடவிட்டு நான் உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டேன். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, மயக்கம் வருகிறது என்று தெரிவதற்குள் எழுந்திருக்க முடியாமல் போய்விடும். யாராவது இதைப் படித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை. மூடின ஷெட்டுக்குள் என்ஜினை ஓட்டாதீர்கள்.

அப்படியானால் எப்படித் தூங்க வைப்பது? இன்டர்நெட்டில் தேடினால் ஆயிரம் கட்டுரை கிடைக்கும், பெரும்பாலும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், அதனால் ஆசையாக வைத்திருக்கிற காரை வசந்தம் வரை ஷெட்டில் பூட்டிவிடுவார்கள். ரேடியேட்டர் உறைந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. நமக்கு அது வேண்டாம். (கூலன்ட் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும், வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே துரு பிடிக்கும்.) நம்முடைய எதிரிகள் ஐப்பசி கார்த்திகை ஈரம், சித்திரை வெயில், அப்புறம் தை அறுப்பு முடிந்து வயலில் இருந்து வீட்டுக்குக் குடிவருகிற எலிகள். பட்டியலை அவர்களிடம் இருந்து வாங்கினாலும் வரிசையை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

என் வரிசையில் முதலில் எலி. வண்டிக்குள் பிஸ்கட் தூள், குழந்தை சாப்பிட்ட முறுக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஷெட்டில் நெல் மூட்டை, மாட்டுத் தீவனம் போடக் கூடாது. எங்கள் ஷெட்டில் அப்போது தவிட்டு மூட்டை இருந்தது, வேறென்ன சொல்ல. சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரை அடைத்து, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். துணி எதற்கு என்றால், திரும்ப எடுக்கும்போது மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் இருக்க. காற்று இழுக்கிற குழாயில் சின்னக் கண் கம்பி வலை. பானட்டுக்குள் புகையிலை வைக்கச் சொல்வார்கள், நான் வைத்திருக்கிறேன், எலிக்கு அது பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று எலியைத்தான் கேட்க வேண்டும். பாச்சை உருண்டையை மட்டும் வண்டிக்குள் போடாதீர்கள். அந்த வாசனை சீட்டில் ஏறினால் போகாது, மூச்சுப் பிரச்சினை இருக்கிறவர்களுக்கு அது நல்லதும் இல்லை. பானட்டைத் திறந்தே வைப்பது பலர் செய்வது. எலிக்கு மறைவும் இருட்டும்தான் வேண்டும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

ரெண்டாவது ஹேண்ட் பிரேக். போடவே கூடாது. நம் சின்னக் கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். ஈரத்தில் மாதக் கணக்கில் இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கிற ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையை வைத்தால் வண்டி எங்கேயும் போகாது.

மூன்றாவது பேட்டரி. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். வண்டியை விட்டே எடுத்து வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுவது உத்தமம். கழற்றுவதற்கு முன்னால் டிக்கி சாவியில் திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனரை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு முழிக்க வேண்டி வரும். (ஆமாம், நான்தான்.)

ஆயில் விஷயத்தில் எனக்கும் மாமாவுக்கும் கருத்து வேறுபாடு. "நிக்கப் போற வண்டிக்கு எதுக்குடா புது ஆயில், வந்தப்புறம் மாத்திக்கலாம்" என்பார். பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். அதை ஒரு வருஷம் என்ஜினுக்குள் ஊற வைப்பதுதான் தப்பு. நிறுத்துவதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.

பெட்ரோலும் அப்படித்தான். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் காலியாக இருந்தால் அந்தக் காலி இடம் முழுக்க ஈரக் காற்று. அதனால் டேங்கை நிரப்பி, ஆன்லைனில் கிடைக்கிற ஃபியூல் ஸ்டெபிலைசரை அளவு பார்த்துக் கலந்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது நல்லது. டயருக்கு வழக்கத்தை விட ஐந்து பாயிண்ட் கூடக் காற்று, ஆனால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல். செங்கல் அடுக்கி அதன் மேல் வண்டியை ஏற்றுகிற வேலை வேண்டாம், செங்கல் எப்போது உடையும் என்று சொல்லிக்கொண்டு உடையாது. மேலே பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிக்குப் பழைய பருத்தி வேட்டி போதும். கழுவி, காயவைத்து, அதற்கப்புறம் மூட வேண்டும்.

இவ்வளவும் ஒரே ஒரு நாள் வேலை. ஐந்து நிமிட வைத்தியம் வருஷத்துக்கு ஐம்பது ஞாயிறு.

இதைச் சொன்னால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டா அவசரத்துக்கு என்ன பண்றது?" அம்மாவும் அதைத்தான் கேட்டார். நான் பதிலுக்குக் கேட்டேன், அன்றைக்குச் சனி ராத்திரி. செவ்வாய் ராத்திரியாக இருந்திருந்தால் யார் ஓட்டியிருப்பார்கள்? வீட்டில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. டிரைவர் இல்லாத வீட்டில் அவசரத்துக்கு என்று ஒரு கார் நிற்பது, இருக்கிறது என்ற தைரியத்தில் மற்ற வழிகளைத் தேடாமல் இருக்கத்தான் உதவுகிறது. எங்களுக்கு அதுதான் நடந்தது. அந்தக் கார் நிற்கிறதே என்று எட்டு வருஷமாக ராத்திரியில் வரக்கூடிய ஒரு ஆட்டோக்காரர் நம்பரைக் கூட நாங்கள் வாங்கி வைக்கவில்லை.

நிஜமாகவே அவசரத்துக்கு வேண்டும் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. வாரம் ஒரு நாள் முப்பது கிலோமீட்டர், அரைமணி முக்கால் மணி நேரம், ஏசி போட்டு ஓட்டுங்கள். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வாரம் இருநூறு, வருஷம் பத்தாயிரத்துச் சொச்சம். என்னுடைய ரிப்பேர் பில்லும் கிட்டத்தட்ட அதேதான், ஓடின வண்டி என்ற பெயர் கூட இல்லாமல்.

இன்னொரு நம்பிக்கையையும் உடைக்க வேண்டும். "ஓடாத வண்டி தேயாது, விலை குறையாது." இண்ட் ஏ.எஸ். 16 என்ற கணக்கியல் தரத்தில் ஒரு விதி உண்டு: சொத்து சும்மா கிடந்தாலும் தேய்மானம் நிற்காது. (ஓடின அளவுக்குத் தேய்மானம் போடுகிற முறை விதிவிலக்கு. செமஸ்டரில் இதற்கு ரெண்டு மார்க்.) இன்சூரன்ஸ்காரர்களும் அப்படித்தான், கிலோமீட்டர் பார்ப்பதில்லை. ஐ.டி.வி. போடும்போது ஒரு வருஷம் முடிந்த வண்டிக்கு 20 சதவீதம் கழிக்கிறார்கள், நாலு வருஷம் முடிந்தால் 50. அது மஸ்கட்டுக்கும் மாயவரத்துக்கும் நடுவில் நின்றதா ஓடியதா என்பது அவர்களுக்கு வேண்டாத விஷயம். அதற்காக நிற்கிற வண்டிதானே என்று பாலிசியை விட்டுவிடாதீர்கள். தீயும் திருட்டும் ஷெட்டுக்குள்ளும் வரும். காலாவதியாகி 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும், அது 50 சதவீதம் வரை இருக்கும்.

இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னபோது முதலில் கோபம் வந்தது அவருக்கு. "என் வண்டிய பார்ட் பார்ட்டா கழட்டி வைக்கப் போறியாடா?" என்றார். விற்கலாமே என்று ஒரு பேச்சு எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நா அங்க இல்லன்னாலும் அது நிக்கிதுல்ல மாப்ளே" என்றார். அதற்கு மேல் நான் கணக்குச் சொல்லவில்லை.

அதனால் வண்டி விற்கப்படவில்லை. தூங்குகிறது. தவிட்டு மூட்டை வேறு இடத்துக்குப் போய்விட்டது. பேட்டரி ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு பலகை மேல் இருக்கிறது. வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் அம்மாச்சி அதற்கு விளக்கம் சொல்கிறார், மாட்டுக் கொட்டகையில் இருந்து ஆரம்பித்து. டாக்டர் சொன்னபடி தாத்தாவுக்கு ஒரு நெபுலைசர் வாங்கினோம், பேட்டரி விலையில் பாதி கூட இல்லை. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று நம்பர் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 108, ஆட்டோக்காரர், எதிர்வீட்டு குட்டியானை அண்ணன்.

மாமா அடுத்த மாதம் வருகிறார். வந்த அன்றைக்கே வண்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு. சிவப்புத் துணியைக் கழற்ற மறந்துவிடாதே என்று இப்போது தினமும் தாத்தா எனக்கு ஞாபகப்படுத்துகிறார்.